தக்காளிக்குக் கட்சி கிடையாது

கேள்வி: ஓசூர் மத்திகிரி டீக்கடைகளில் மழை, தக்காளி விலை, அத்திப்பள்ளி டிராஃபிக் என்று மணிக்கணக்கில் அரட்டை அடிக்கிறார்களே, ஒரு பைசா பிரயோஜனம் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு, பைசாவில்தான் எண்ண முடியாது. ஓசூர் வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுமே வீட்டு மொழிகள். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததும் பல மாவட்டத்துக்காரர்களும் பிழைக்க வந்தார்கள். இத்தனை பேரும் பழகிக்கொள்வது எங்கே? மெஷின் சத்தத்தில் பேச முடியாது. வாடகை வீட்டில் கதவு சாத்தியே கிடக்கும். டீக்கடை பெஞ்சில்தான் நைட் ஷிப்ட் முடித்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார, பக்கத்தில் ரோஜாத் தோட்டக்காரர் கன்னடத்தில் 'ஊட்டா ஆய்த்தா?' (சாப்பாடு ஆச்சா?) என்கிறார், இன்னொருவர் தெலுங்கில் 'பாகுன்னாரா?' (நல்லா இருக்கீங்களா?) என்கிறார். அரசியலுக்கு வாய் திறக்கத் தயங்குகிறவரும் தக்காளி விலைக்குத் திறப்பார். தக்காளிக்குக் கட்சி கிடையாது. வம்பும் வளர்கிறதே என்பீர்கள். வளர்கிறதுதான், எதிரில் இல்லாதவரை உருட்டுவது தப்புதான். ஆனால் காலியான வீடும், ஆள் எடுக்கும் கம்பெனியும், ரத்தம் தேவைப்படும் நோயாளியும் தெரியவருவது அதே பெஞ்சில். வேலை கெடுகிறது என்ற புகாரை மட்டும் நான் ஏற்கமாட்டேன்: கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால் எப்பேர்ப்பட்ட பேச்சும் பாதி டீயோடு நின்றுவிடும்.