சாரி, லைன் கிடைக்கல

2002 வாக்கில் மதுரைப் பக்கத்துத் திருமங்கலத்தில் பிரவுசிங் சென்டர்களுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். "என்னப்பா வேலை பாக்குற?" என்று பெரியப்பா கேட்டார். "நெட்வொர்க்கிங்" என்றேன். அன்று சாயங்காலமே 'பய கேபிள் டிவியில சேந்துட்டான்' என்று தெரு முழுக்கச் செய்தி. பெரியப்பா செய்தி அனுப்பும் வேகத்துக்கு அன்றைய மோடம் எதுவும் ஈடு கிடையாது.

வேலை சின்னதுதான். கேபிள் தோலை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பி. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். இந்த வரிசையில் பிளக்கில் சொருகி, கிரிம்பரால் நறுக்கென்று ஒரு கடி. கந்த சஷ்டி கவசம் பாதியில் மறந்துபோகும் எனக்கு இது மட்டும் தூக்கத்திலும் வரும். ஒரு முனையில் பச்சையும் நீலமும் இடம் மாறினால், கம்ப்யூட்டர்களை இணைக்கும் சுவிட்சுப் பெட்டியில் லைட் எரியாது, கடைக்காரர் முகத்தில் எரியும்.

அந்தச் சுவிட்சுப் பெட்டிகளை விற்றுப் பணம் பார்த்தவர்கள் வேறு ஊர்க்காரர்கள். 1988இல் கலிபோர்னியாவில் விக்டர் சாவோ, ஜேனி சாவோ என்ற தம்பதி வீட்டுக் கார் ஷெட்டில் தொடங்கிய லிங்க்சிஸ், வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் பெட்டி செய்து விற்றது. 2003இல் சிஸ்கோ அதை 50 கோடி டாலருக்கு வாங்கியது. நம்மூரில் கார் ஷெட் இருந்தால் அதில் மாட்டைக் கட்டுவோம். ஆனாலும் பெட்டி செய்ய நம்மாட்களும் கிளம்பினார்கள்.

சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா என்ற பேராசிரியர் கணக்குப் போட்டார். ஒரு டெலிபோன் லைன் போட ஏறக்குறைய 40,000 ரூபாய் ஆகிறது. போட்ட காசைத் திரும்ப எடுக்க மாதம் ஆயிரம் ரூபாய் வசூலிக்க வேண்டும். இந்தியாவில் அதைக் கட்டக்கூடிய வீடுகள் விரல்விட்டு எண்ணுகிற சதவீதம். அதனால் லைனின் விலையை 10,000க்கு இறக்கு! அவருடைய டெநெட் குழுவும் மிடாஸ் கம்பெனியும் சேர்ந்து கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையை வடிவமைத்தன. டவரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்குச் சிக்னல். வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி. அதில் போனும் பேசலாம், விநாடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இன்டர்நெட்டும் பார்க்கலாம், ஒரே நேரத்தில். எக்ஸ்சேஞ்சுக்கு ஏசி ரூம் வேண்டாம். நம்ம சித்திரை வெயிலில் வெந்து பார்த்தவர்கள் செய்த பெட்டி என்பது அதிலேயே தெரியும்.

பெட்டிக்கு ஒரே ஒரு வீம்பு. டவரும் ஆன்டெனாவும் ஒன்றையொன்று கண்ணால் பார்க்க வேண்டும். நடுவில் மலையோ தோப்போ வந்தால் முறைத்துக்கொள்ளும். பங்காளிகள் மாதிரி.

இதை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்க என்-லாக் என்ற கம்பெனி வந்தது. மேலே கம்பெனி, நடுவில் வட்டாரத்துக்கு ஒரு முதலாளி, கீழே கிராமத்துக்கு ஒரு கியாஸ்க், அதாவது இன்டர்நெட் கடை. கேபிள் டிவிக்காரரையும் எஸ்டிடி பூத்தையும் பார்த்துச் செய்த ஏற்பாடு. பெரியப்பா சொன்னதில் பெரிய தப்பில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

2001இல் மதுரைக்கு அந்தப் பக்கம், மேலூரில் ஆரம்பித்தார்கள். ஐஐடியோடு எம்ஐடி, ஹார்வர்டு எல்லாம் கைகோத்த திட்டம். அதன் இங்கிலீஷ் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'சாரி'. பெயர் வைக்கும்போதே மன்னிப்புக் கேட்டுவைத்த திட்டம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.

ஆரம்பம் அமர்க்களம். ஒரு விவசாயியின் வெண்டைச் செடியில் நோய். கியாஸ்க்கில் வெப்கேமராவில் படம் எடுத்து மதுரை வேளாண் கல்லூரிக்கு அனுப்பினார்கள். மருந்து மெயிலில் வந்தது, செடி பிழைத்தது. அந்த வெண்டைக்காய் பிறகு எத்தனையோ கருத்தரங்க மேடைகளில் காய்த்துக்கொண்டே இருந்தது. கண் படங்கள் அரவிந்த் ஆஸ்பத்திரிக்குப் போயின. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மனுக்கள் பஸ் ஏறாமலே மேலூர் தாலுகா ஆபீசுக்குப் போயின. 2003 முடிவதற்குள் 78 கியாஸ்க்குகள்.

அப்புறம் வந்தது டிரான்ஸ்ஃபர் ஆர்டர். ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாறிப் போனார்கள். புதிதாக வந்தவர்களுக்கு மனு என்றால் காகிதம், அதில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். மெயில் போனது, பதில் வரவில்லை. வெயில், தூசி, கரண்ட் எல்லாவற்றுக்கும் தாங்கும்படி பெட்டி செய்தவர்கள் தாசில்தார் மாறுதலுக்குத் தாங்கும்படி செய்ய மறந்துவிட்டார்கள். பெட்டி கெட்டால் வந்து பார்க்க ஆள் இல்லை, தாக்குப்பிடிக்கக் காசும் இல்லை. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் 256 கிலோபிட் பிராட்பேண்டோடு வந்துவிட்டது. அந்த வருஷம் மே மாதம், உள்ளூர்க்காரர்கள் சொந்தமாக நடத்திய 36 கியாஸ்க்குகளில் 32 மூடியிருந்தன. ஹார்வர்டே வந்தாலும் ரிப்பேருக்கு ஒரு பையன் வேண்டும் என்பது என்னை மாதிரி கிரிம்பர் பிடித்தவனுக்குத் தெரியும். என்னிடம் யார் கேட்டார்கள்?

இந்தச் 'சாரி'க்காரர்கள் மேலூர் போகுமுன் எங்கள் திருமங்கலம் பக்கம் ஒருமுறை வந்திருக்கலாம். வடக்கம்பட்டி என்று ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருவர் 1930களில் காரைக்குடியில் சோற்றுக்கடை போட்டு, குலசாமி பெயரை வைத்தார். அவர் கடையைப் பார்த்து உறவுக்காரர், அவரைப் பார்த்து ஊர்க்காரர் என்று முனியாண்டி விலாஸ் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. டவர் இல்லை, வட்டார முதலாளி இல்லை, எம்ஐடி இல்லை. கல்லாவில் அன்றைக்கு முதல் ஆள் கொடுக்கும் காசைச் சாமிக்கென்று எடுத்து வைப்பார்கள். கியாஸ்க்குக்கு அப்படி ஓர் உண்டியல் இருந்திருந்தால் ரிப்பேர் செலவாவது தேறியிருக்கும்.

தையிலும் மாசியிலும் கடைக்காரர்கள் எல்லாரும் சாமி கும்பிட வடக்கம்பட்டிக்கு வந்து சேருவார்கள். ராத்திரி முழுக்கப் பிரியாணி வேகும், அதுதான் பிரசாதம். விடிகாலையிலேயே கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். பத்து மணிக்குப் போய் வெறும் அண்டாவைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.