கண் பட்டால் பிழைக்கும் முட்டை

அன்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

ஒன்டேரியோ ஏரியின் கரையிலுள்ள இந்த ராசெஸ்டர் நகரத்தில், டிசம்பர் மாதத்துச் சூரியன் மாலை நாலரை மணிக்கெல்லாம் கடையைக் கட்டிவிடுவதாலும், வாசலில் முழங்காலளவு பனி கிடப்பதாலும், ஆபீஸிலிருந்து திரும்பிய மனிதன் ஏதேனும் ஒரு பைத்தியத்தை வளர்த்துக்கொள்ளாமல் இருப்பது துர்லபம். சிலர் ரொட்டி சுடுகிறார்கள். சிலர் கித்தார் வாங்கித் தூசி படிய வைக்கிறார்கள். நான் டிராகன் வளர்க்கிறேன்.

பெரியம்மா பதற வேண்டாம். அது கணினிக்குள்ளேயே வசிக்கிற பிராணி. 'டிராகன் கேவ்' என்று 2006 முதல் இணையத்தில் நடந்துவரும் விளையாட்டு. நம் கோயில் தூணில் நிற்கும் யாளிக்குச் சிறகு முளைத்தால் எப்படியிருக்குமோ அப்படியொரு ஜாதி. மலை, கடற்கரை, பாலைவனம், வனம், அடர்காடு, எரிமலை என்ற ஆறு பிரதேசங்களில் மும்மூன்று முட்டைகள் கிடக்கும். இன்ன ஜாதியென்று எழுதியிராது. ஒரு வரி வர்ணனை மட்டும் உண்டு. தரகர் சொல்லும் இரண்டு வார்த்தையைக் கொண்டு வரனின் யோக்யதையை அனுமானிப்பதுபோல் அனுமானித்து எடுக்க வேண்டும். அபூர்வமான முட்டையென்று தெரிந்து விரலை நகர்த்துவதற்குள், தீபாவளி ரயில் டிக்கெட்டைப்போல, அதை வேறெவரோ கொண்டுபோயிருப்பார்.

விசித்திரம் இனிமேல்தான். இந்த முட்டைக்கு அடைகாக்கத் தாயும் வேண்டாம், சூடும் வேண்டாம்; மனிதர்களின் பார்வையே ஆகாரம். ஏழு நாளைக்குள் போதிய கண்கள் அதன்மேல் படாவிட்டால் முட்டை செத்துப்போகும். குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் கட்டி, ஊரார் கண்ணைத் தடுப்பதிலேயே ஆயுளைக் கழித்த வம்சத்தில் பிறந்த நான், "என் முட்டையைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கண்டவரையெல்லாம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் பெரியம்மாவின் திருஷ்டி சாஸ்திரம் பொய்க்கவில்லை. முதல் முட்டையை, ஆர்வக் கோளாறினால், எடுத்த அன்றே ஊரெல்லாம் காட்டிவிட்டேன். மறுநாள் காபியும் கையுமாக உட்கார்ந்து பார்க்கிறேன், ஓடு இளகி முட்டைக்கு நோய் கண்டிருந்தது! பார்வை ஒரேயடியாகக் குவிந்தாலும் ஆகாதாம், திருஷ்டிதான், வேறென்ன? அதற்குப் பரிகாரம், பனிமூட்டத்தால் முட்டையை மூடி எவர் கண்ணுக்கும் தெரியாமல் வைப்பது. அம்மை போட்ட பிள்ளையைக் தனி அறையில் கிடத்தியதுபோல வைத்திருந்து பிழைக்க வைத்தேன். உப்பும் மிளகாயும் சுற்றிப்போட இங்கே வசதியில்லை. அடுப்பில் புகை வந்தால் கூரையிலுள்ள கருவி அலறும்.

அந்த முட்டை பொரிந்து வளர்ந்துவிட்டது. வளர்ந்த டிராகனுக்குப் பிறர் பார்வை தேவையில்லை. நம்மில் அந்தப் பருவத்தை எட்டுபவர் சிலரே. நம் வீட்டில் தாத்தா பெயரை ஐந்து பேருக்கு வைத்துப் பெரிய ராமு, குண்டு ராமு என்று அழைப்போமல்லவா? இங்கே ஒரு டிராகனின் பெயர் இன்னொன்றுக்குக் கிடையாது. தாத்தாவின் முழுப் பெயரையும் நானே முந்திப் பிடித்து இதற்கு வைத்தேன். அதே முறைப்பு, அதே மூக்கு. பொடி போடாததுதான் குறை.

இப்போது கையிலிருக்கும் இரண்டாவது முட்டைக்கு மூன்று நாள்தான் ஆயுள் பாக்கி. தபாலில் எழுதினால் கருமாதிக்குத்தான் வந்து சேருமென்பதால் மின்னஞ்சலில் அனுப்புகிறேன். முட்டையின் இணைய முகவரியையும் இணைத்திருக்கிறேன். தாங்களும் பெரியம்மாவும் எதிர்வீட்டு மாமியும் அவரவர் போனில் தலைக்கு ஒரு தரம் பார்க்கவும். தெரு முழுவதற்கும் சொல்லிவிட வேண்டாம்.