மணி பிளான்டுக்குக் கூலிங் கிளாஸ்

"யார் வீட்டில் திருடினீங்க?" என்று கேட்டார், போன ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வந்தவர். காசு கொடுத்து வாங்கிய மணி பிளான்ட் தழைக்காது என்பது அவர் கட்சி. இதை எழுதுகிறவருக்கு அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. தஞ்சாவூரிலுள்ள அவர் வீட்டு மேற்கு ஜன்னலை, சித்திரையில் ஒட்டிய கறுப்பு சன் ஃபிலிம் முழுக்க மூடியிருக்கிறது. வந்தவர் கண்ணில் அது படவேயில்லை.

ஃபிலிம் ஒட்டலாமா கூடாதா என்ற தீர்ப்பைக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடலாம். முதலில் வைத்தியர்கள்.

மஞ்சள் தெளித்த இலைகள் வெறும் பச்சையாகி, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, கொடி நூலாக இளைத்திருந்தது. பார்த்தவரெல்லாம் மருந்து சொன்னார்கள். அரிசி களைந்த தண்ணீர் என்றார் அத்தை. தினமுமா, வாரம் ஒருமுறையா என்று அவருக்கும் மருமகளுக்கும் தகராறு. அது முதல் கழுநீரா, இரண்டாம் கழுநீரா என்று வளர்ந்து, இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுக்காரர் முட்டை ஓடு என்றார். சைவ வீட்டில் அதற்கு எங்கே போவது என்றதும், தானே தருவதாகச் சொன்னார். ஒரு பை நிறையத் தந்தும் விட்டார். பிறகு டீத்தூள், புளித்த மோர், வாழைப்பழத் தோல் ஊறிய நீர். ஒருவர் திருஷ்டிப் பூசணிக்காய்வரை போனார். வாஸ்துக்காரர் தென்கிழக்கு மூலை என்று சொன்னதோடு நிற்காமல், தொட்டியைத் தூக்கி அங்கே வைத்துவிட்டே கிளம்பினார். அந்த மூலையில் ஜன்னலே கிடையாது.

இவர்களில் பாதிப் பேர் விவசாயிகள்! வரப்போர மரத்தின் நிழலால் ஒரு மூலை பதராகிறது என்று பஞ்சாயத்து வைத்துக் கிளையை வெட்டவைத்தவர்கள். சம்பா பூக்கும்போது வானம் மூடினால் வானத்தையே திட்டுகிறவர்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனால், ஏடிடி 43 பற்றி அங்குள்ளவர்களையே மடக்கக்கூடியவர்கள். வாசல்படி தாண்டி உள்ளே வந்ததும் வெளிச்சம் என்ற ஒன்று இருப்பதே மறந்துவிடுகிறது.

"யூவிதான் சார் கட் ஆகும், செடிக்கு ஒண்ணும் ஆகாது" என்று ஃபிலிம் ஒட்டியவர் சொல்லியிருந்தார். செடி சமைத்துச் சாப்பிடுவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள, நம் கண்ணுக்கும் தெரிகிற ஒளியில். அதற்குக் கீழேயுள்ள புற ஊதா நின்றுபோனால் மணி பிளான்ட் கவலைப்படாது. சூட்டைக் கொண்டுவரும் அகச்சிவப்பை மட்டும் தடுக்கிற தெளிவான ஃபிலிமும் பரவாயில்லை. கறுப்பு ரகமோ வெளிச்சத்திலேயே கைவைக்கிறது. 20 சதவீதம் விடும் ஃபிலிம் என்றால் மீதி 80 போச்சு. வெளியே உச்சி வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ். கூடத்துக்குள் சில நூறு தேறினால் அதிகம். மனிதக் கண் பாவையை விரித்துச் சமாளிக்கும். இலைக்கு அந்த வசதி இல்லை.

கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாதென்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மணி பிளான்டுக்காக யாரும் வழக்குப் போடவில்லை.

தீர்ப்பா? உரித்தால் மூன்று மணி வெயில் நேரே ஊஞ்சலுக்கு வரும் என்கிறார்கள் வீட்டார். தொட்டியை முற்றத்தில் வைக்கலாமென்றால், அங்கே குரங்குக்காகக் கம்பி, தூசிக்காக ஃபைபர் ஷீட், இப்போது ஷீட்டுக்கு மேல் பச்சை நிழல்வலை. கடையில் 50 சதவீதமா, 75 சதவீதமா என்று கேட்டார்களாம். விலையில் பெரிய வித்தியாசமில்லை என்று 75 வாங்கி வந்திருக்கிறார்கள்.