மூன்று மீட்டர் பரீட்சை

முதியவர் தடுமாறி விழுவாரா என்றறிய ஒரு சோதனை உண்டு: நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடி தாண்டினால் ஆபத்து. முதியோர் இல்லத்தின் வழவழ தரையில் தாத்தா பாஸ். வேலூர் லாங் பஜாரில் அதே மூன்று மீட்டரில் ஒரு தள்ளுவண்டி, இரண்டு பைக், வெங்காய மூட்டை; விடாத ஹாரன் வேறு.

சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் முயற்சியால் 1966-இல் இதே வேலூரின் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மறுவாழ்வு மையம் வந்தது. அங்கே நடக்கக் கற்றுத் தருவார்கள்; நடந்து எங்கே போவதாம்?

முதியோர் நடை பற்றி ஆராய ஒரு கூட்டணி அமைத்தால், அதில் பல்கலைக்கழகம், முதியோர் இல்லத்தோடு பஜார் வியாபாரியையும் சேர்க்கலாம். அவர் பங்கு, முதியவர் உட்காரக் கடைவாசலில் ஒரு ஸ்டூல். நிபந்தனை ஒன்றுதான்: அதன்மேல் மூட்டை ஏற்றக் கூடாது.