சிரட்டைக்குள் ஒரு சுடர்

கேள்வி: அலங்கார மெழுகுவர்த்தித் தாங்கியை வீட்டிலேயே செய்ய ஆசை. கடையில் விலை கேட்டதும் ஆசை இன்னும் கூடிவிட்டது! எதில் செய்யலாம்?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தேங்காய் இல்லாமல் கறி வைக்காத ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? துருவி முடித்த சிரட்டையைவிட நல்ல தாங்கி ஏது!

கண் இல்லாத பாதியை எடுங்கள். 80-ஆம் எண் உப்புத்தாளால் நாரை உரசி, பிறகு 220, கடைசியில் 400. பொறுமையாகத் தேய்த்தால் சொரசொரப்புக்கு அடியிலிருந்து கறுப்பும் காப்பி நிறமும் கலந்த ரேகைகள் எழுந்து வரும். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் துடையுங்கள். பெயின்ட் அடித்து அந்த அழகை மூடிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பென்சிலால் புள்ளி வைத்து, 3 மி.மீ. டிரில் பிட்டால் துளையிட்டால் ராத்திரி சுவரெல்லாம் புள்ளிக் கோலம். கண்ணுள்ள பாதியைக் கவிழ்த்து, மேலே இதை எம்-சீலால் ஒட்டினால் பீடமும் தயார்.

சுடர் மட்டும் சிரட்டையைத் தொடவே கூடாது. கரி சுடுவதே இதில்தான், சட்டென்று பற்றிக்கொள்ளும். அலுமினியக் கிண்ணத்தோடு வரும் டீ லைட்டைக் கண்ணாடி கிளாஸில் இறக்கி உள்ளே வையுங்கள். கிளாஸ் விளிம்பு சிரட்டையைவிட உயர்ந்திருக்க வேண்டும். அடியில் ஒரு விரற்கடை மணல் போட்டால் சூடு நேரே இறங்காது. உள்பக்கம் வார்னிஷ் வேண்டாம். திரைச்சீலை அருகே வைக்காதீர்கள். ஒரு டீ லைட் சுமார் 4 மணி நேரம் எரியும். தூங்கப் போகுமுன் ஊதிவிடுங்கள்.