கப்பலைத் தைச்ச டெய்லரு

வா அப்புனு, உக்காரு. பவர் டேபிள் நாலு வாங்கிப் போட்டாலும் போட்டே, பொழுதன்னைக்கும் போன்ல "ஷிப்மெண்ட்டு, ஷிப்மெண்ட்டு"ங்கறே. கப்பல் தண்ணியில மெதக்குமா, மரத்துல காய்க்குமான்னாச்சும் தெரியுமா? தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் ஏத்தி உட்டாச் சோலி முடிஞ்சுது, அதெல்லாம் நமக்கெதுக்குங்கறயா? அதுஞ் சரிதான்.

ஆனா உன்ற தொழிலுக்கு மூத்த பங்காளிக கடக்கரையில இருந்தாங்க. படகு கட்டற ஆளுக்கு ஓடாவின்னு பேரு. 1639-ல வெள்ளக்காரன் மதராசுல கோட்டை போட எடம் புடிச்சான். துறைமுகத்துக்கு அடிக்கல் நட்டதே 1875-ல. நடுவுல இருநூறு வருசத்துக்கு மேல கப்பல் தூரத்துலயே நிக்கும். தொரையும் தொரசானியும், பீப்பாயும் மூட்டையும் அலையத் தாண்டிக் கரைக்கு வந்தது மசூலாப் படகுல. அதுல ஒத்தை ஆணி கெடையாது கண்ணு. பலகை ஓரத்துல வரிசையாத் தொளை போட்டு, மூட்டு மேல வைக்கலத் திரிச்சு வெச்சு, தென்னங்கயித்துல இழுத்து இழுத்துத் தைச்சிருப்பான்.

ஆணி வாங்கக் காசில்லையாங்காதே. ஆணி அடிச்ச படகு அந்த அலையில மணல்ல மோதுனா நொறுங்கிப் போகும். தைச்சது வளைஞ்சு குடுக்கும். பனியன் கழுத்துக்குச் சிங்கர்ல ஓட்டாம ஓவர்லாக்குல ஓட்டறாங்களே, எதுக்கு? இழுத்தா நூலும் கூட வரோணும்னுதானே? அதே கணக்குத்தான். என்ன, அவனுக்கு மெசினு இல்ல, பிசிறு வெட்டப் பொண்ணுக இல்ல. தண்ணி கசியும், எறைச்சு ஊத்திக்கிட்டே வருவாங்க. தையல் உட்டா உனக்கு டெபிட் நோட்டு வரும். அவனுக்குச் சுறா வரும்.

அந்தத் தையல் இன்னும் செத்துப்போகல. 2025-ல நம்ம கடற்படையில 'கௌண்டின்யா'ன்னு ஒரு தைச்ச கப்பலைச் சேர்த்தாங்க. கேரளத்து பாபு சங்கரனும் அவரு ஆளுகளும் கோவாவுல கயித்துல தைச்சது. பேரைக் கேட்டுப்போட்டு நம்மூருப் பெருசுக ரெண்டு பேரு, "நம்ம பங்காளி கப்பல்"னு மீசைய முறுக்குனாங்க. அது வேற கதை.

அட, அதுக்குள்ள எந்திரிக்கறே? போன நோம்பிக்கு எக்ஸ்போர்ட் குவாலிட்டின்னு பனியன் ஒண்ணு குடுத்தியே, காத்தால தலைய உட்டேன். கழுத்துல படபடன்னு நூல் தெறிச்சுது. அந்தக் கொடியில தொங்குது பாரு. எடுத்துத் தைச்சுக் குடுத்துட்டுப் போ. நூலு இல்லீன்னா கெணத்தடியில தென்னங்கயிறு கெடக்குது.