அமைதியான மூலைக்கு ஒரு பழைய படம்

படம் அப்புறம், முதலில் மூலை. வீட்டுக்கு நான்கு மூலை என்று வாஸ்துக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். ஒன்றில் இன்வெர்ட்டர், ஒன்றில் தண்ணீர் கேன், இன்னொன்றில் என்றைக்காவது உதவும் என்று சேர்த்த அட்டைப்பெட்டிகள். மிச்சமிருப்பதில் அப்பா பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். அவரை எழுப்பாமல் தலைக்கு மேலே ஆணிக்கு இடம் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய எனாமல் தூக்கும் மரப்பெட்டியும் குவிந்த கடைகள். நடுவில் இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு ஏரி, ஒரு மலை, ஒரு படகு தட்டுப்படும். முகத்தில் எதையும் காட்டாமல், பக்கத்துக் குத்துவிளக்குக்கு விலை கேளுங்கள். படத்துக்கு வரும்போது “நூறு வருஷத்துச் சரக்கு சார்” என்பார் கடைக்காரர். “அப்படியா? 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷமானால் தொல்பொருளாச்சே, விற்க லைசென்ஸ் இருக்கா?” என்று அப்பாவியாகக் கேளுங்கள். படத்துக்கு அங்கேயே முப்பது வயது குறையும்.

லென்ஸ் வைத்துப் பாருங்கள். வரிசை வரிசையாகப் புள்ளி தெரிந்தால் அச்சு. அதற்காக முகம் சுளிக்க வேண்டாம். தாமஸ் டேனியலும் உடன்பிறந்தான் மகன் வில்லியமும் 1792-இல் தெற்கே சுற்றி வரைந்த மலையும் அருவியும் ஊர் பார்த்ததே அச்சாகித்தான். 1795 முதல் 1808 வரை வந்த தொகுப்பில் 144 படங்கள். பிறகு சட்டத்தைத் திருப்புங்கள். முதுகுப் பலகை தொட்ட இடம் மட்டும் தாளில் பழுத்திருந்தால் வயதானது. மூலைக்கு மூலை ஒரே பழுப்பு என்றால் டிகாஷன்; அந்தக் கைத்திறனுக்குத் தனியாக ஐம்பது ரூபாய் தரலாம், படத்துக்கு அல்ல.

வெயில் விழும் சுவர் கூடாது, நீர்வண்ணம் வெளிறும். ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் சுவரும் கூடாது, பூஞ்சை பிடிக்கும். வேறு சுவர் இல்லாதவர்கள், அதாவது நாம் எல்லோரும், சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் நடுவே அரை அங்குலம் காற்றோட்டம் விடவேண்டும்.

விட்டேன். என் வீட்டில் அந்த அரை அங்குலத்தில் இப்போது கேஸ் புத்தகம், மூன்று கரண்ட் பில், ஒரு கல்யாணப் பத்திரிகை.